ஆஸ்பத்திரி வாசலுக்கு முன்பே

மதுரைக்குத் துணி எடுக்க வருகிறவர்களுக்கு விளக்குத்தூணுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் அங்கே கால் வைக்க இடமிருக்காது. அந்தத் தூணை யாருக்காக நட்டார்கள் என்று கேட்பவர்தான் குறைவு. 1840களில் மதுரைக் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் என்ற ஆங்கிலேயரின் நினைவாக ஏற்றிய விளக்கு அது. ஊரைச் சுற்றியிருந்த பழைய கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தவர் அவர். நாயக்கர் காலத்துக் கோட்டைக்குள் ஊர் பிதுங்கிக்கொண்டிருந்தது. காவலுக்கு வெட்டிய அகழியில் தண்ணீர் தேங்கி நாறியது. 1809 முதல் 1811 வரை மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளைச் சூறையாடிய காய்ச்சல் அப்போது இருந்தவர்களின் நினைவில் இன்னும் ஆறியிருக்காது.

சுவரை இடிக்கக் காசுக்கு எங்கே போவது? பிளாக்பர்ன் ஒரு வழி கண்டார். சுவரை இடித்து அகழியை நிரப்புகிறவர் அந்த இடத்தில் வீடு கட்டிக்கொள்ளலாம் என்று அறிவித்தார். வெளி வீதிகள் அப்படிப் பிறந்தவை. அந்த வேலையை மேற்பார்த்தவர்களின் பெயர்கள் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று இன்றும் பெயர்ப்பலகையில் நிற்கின்றன. இதெல்லாம் நடந்தபோது கிருமி என்ற ஒன்றை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. லண்டனில் ஜான் ஸ்னோ காலராவுக்கும் குடிநீர்க் குழாய்க்கும் முடிச்சுப் போட்டது 1854இல். நோய்க்குக் கிருமி காரணம் என்று காட்டிய பாஸ்டரும் ராபர்ட் கோக்கும் அதற்குப் பிறகு வந்தவர்கள். காரணம் இன்னதென்று தெரியாமலேயே, இடத்தைச் சரி செய்தால் நோய் குறையும் என்று ஒரு நிர்வாகம் நம்பியது. அந்த நம்பிக்கையின் பலன் முதலில் யாருக்குக் கிடைத்தது என்றால், சுவரை இடிக்க ஆள் வைத்துக் கூலி கொடுக்க முடிந்தவர்களுக்கு.

இருநூறு ஆண்டு நெருங்கியும் விஷயம் அதிகம் மாறவில்லை. காய்ச்சலுக்குக் காரணம் கிருமி என்பது சரி. அந்தக் கிருமி எந்தத் தெருவுக்குப் போகும், எந்தத் தெருவுக்குப் போகாது என்பதைச் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் கூலியும் பஸ் கட்டணமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. அவற்றை முடிவு செய்வது அரசு. ஆகவே ஒருவர் எப்போது நோயாளி ஆகிறார் என்பதில் பாதி விஷயம் அவர் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது.

இதற்கு மருத்துவ உலகம் அடிக்கடி காட்டும் சான்று லண்டனில் இருக்கிறது. அங்கே அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த ஆண்களிடம் 1967இல் தொடங்கியது வைட்ஹால் ஆய்வு. எல்லோருக்கும் நிரந்தர வேலை. எல்லோருக்கும் ஒரே இலவச மருத்துவச் சேவை. பட்டினி கிடந்தவர் ஒருவரும் இல்லை. அந்தத் தரவுகளை மைக்கேல் மார்மட் அலசிப் பார்த்தபோது, கடைநிலை ஊழியர்கள் இதயநோயால் இறக்கும் வீதம் உயர்பதவிக்காரர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. புகைபிடித்தல், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்த பிறகும் இடைவெளி முழுதாக மறையவில்லை. பதவிப் படியில் ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஆயுள் கொஞ்சம் குறைந்தது. வைத்தியம் சமமாகக் கிடைத்தால் ஆரோக்கியம் சமமாகிவிடும் என்ற எண்ணத்துக்கு விழுந்த பெரிய அடி அது. லண்டன் குமாஸ்தாக்களுக்கே இந்தக் கதி என்றால், மானாவாரிக் காட்டில் களையெடுக்கும் தாய்க்குப் பிறந்த குழந்தையின் நிலை என்ன?

அந்தக் கேள்விக்கு விடை தேடிய இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருச்சிச் சாலையில் மேலூரைத் தாண்டினால் கொட்டாம்பட்டி. பெரியாறு பாசனத்தின் செழிப்பு மேலூர்ப் பக்கத்தோடு தேய்ந்துவிடும். அதற்கு வடக்கே கண்மாய் நிறைந்தால் விவசாயம், இல்லையென்றால் இல்லை. 1980இல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது, அதை முதலில் முயன்று பார்த்தது இந்தக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான்.

காமராசர் 1956இல் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்த மதிய உணவு பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கானது. எழுபதுகளில் தமிழ்நாட்டில் நடந்த ஒரு பெரிய ஊட்டச்சத்து ஆய்வு, பசியின் கோரப்பிடி பள்ளி வயதுக்கு முன்பே, பால்குடி மறக்கும் வயதில் விழுவதைக் காட்டியது. ஆறு மாதத்துக்கு மேல் தாய்ப்பால் மட்டும் போதாது. குழந்தையின் வயிறோ கைப்பிடி அளவு. ஒரே வேளையில் நிறைய ஊட்ட முடியாது; சிறுகச் சிறுகப் பலமுறை ஊட்ட வேண்டும். விடிந்தும் விடியாமலும் நடவுக்கும் களைக்கும் போகிற தாயால் அது முடியாது. பாட்டியோ மூத்த அக்காவோ பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்குக் கிடைப்பது பெரியவர்கள் சாப்பிடும் நேரத்துச் சோறு. நடுவில் இரண்டு முறை வயிற்றுப்போக்கு வந்தால் ஏறிய எடையும் இறங்கிவிடும். அந்த வயதில் நின்றுபோன உயரம் பிறகு எவ்வளவு போட்டாலும் பெரும்பாலும் திரும்புவதில்லை.

இதில் பெரிய சிக்கல், கண்ணுக்கு எதுவும் தெரியாது என்பது. ஊரில் எல்லாக் குழந்தையும் குட்டையாக இருந்தால் எந்தக் குழந்தையும் குட்டையாகத் தெரியாது. நோஞ்சானான பிள்ளையை நம் அம்மாக்கள் "சின்ன உடம்புக்காரப் பிள்ளை" என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். கொட்டாம்பட்டித் திட்டம் இதைத் தராசை வைத்து எதிர்கொண்டது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் தொங்குதராசில் நிறுத்து, அட்டையில் புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோடாக இணைத்தார்கள். குழந்தை இன்றைக்கு எத்தனை கிலோ என்பதைவிட, போன மாதத்திலிருந்து கோடு ஏறியிருக்கிறதா என்பதைத்தான் பார்த்தார்கள். கோடு படுத்துவிட்டால் அந்தக் குழந்தைக்கு மட்டும் சுமார் மூன்று மாதம் சத்துருண்டை. தானிய மாவும் பருப்பும் வெல்லமும் கலந்த சின்ன உருண்டை அது. பண்டம் மாதிரி இருந்ததால் வீட்டில் போடும் சோற்றைக் குறைக்க யாருக்கும் தோன்றவில்லை. எடை ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். இதைச் செய்தவர் வெளியூரிலிருந்து வந்த அதிகாரி இல்லை. அதே ஊரில் வாழ்க்கைப்பட்ட, கொஞ்சம் படித்த ஒரு பெண். அவருடைய பிள்ளையும் அதே தராசில் தொங்கியிருக்கும்.

கடுமையான சத்துக்குறைவு கணிசமாகக் குறைந்தது. அடுத்த பத்தாண்டில் திட்டம் ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் பரவி, உலகின் ஊட்டச்சத்துப் பாடநூல்களில் ஏறியது. ஆனால் மிதமான சத்துக்குறைவு அதே வேகத்தில் நகரவில்லை. விளிம்பிலிருந்து விழப்போகும் குழந்தையைத் தராசு காப்பாற்றியது. விளிம்பு வரை அதைத் தள்ளிக்கொண்டு வந்த கூலியும் தண்ணீரும் தராசின் கைக்கு எட்டாதவை. அதே காலத்தில் பக்கத்துத் திருச்சி மாவட்டத்தில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் லட்சுமி ரஹ்மத்துல்லாவின் குழு பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளிடம் ஒரு சோதனை நடத்தியது. வாரம் ஒரு முறை சில துளி வைட்டமின் ஏ. அதைப் பெற்ற குழந்தைகளிடம் இறப்பு 54 சதவீதம் குறைந்ததாக 1990இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவு வெளிவந்தது. கீரையும் பப்பாளியும் விளையும் மண்ணில் இத்தனை குழந்தைகளின் உயிர் அந்தச் சில துளிக்குக் காத்துக்கிடந்தது என்பதை யோசித்துப் பார்த்தால் தூக்கம் வராது.

கொட்டாம்பட்டி தேவையானவரைத் தேடிப் பிடித்துக் கொடுக்கும் முறை. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் நேரெதிரானது: வருகிற பிள்ளை எல்லோருக்கும் உண்டு. காசை வாரி இறைக்கிறார் என்று பொருளாதாரம் படித்தவர்கள் பலர் அப்போது எழுதினார்கள். இரண்டில் எது சரி என்ற விவாதம் இன்னும் கருத்தரங்குகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கென்னவோ இது வீண் சண்டை. எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரும்போது சாப்பிட வெட்கப்பட வேண்டியதில்லை. அந்தப் பந்திக்கு வர முடியாத ஒன்றரை வயதுக் குழந்தையைத் தேடி ஒருவர் வீட்டுக்குப் போகத்தான் வேண்டும்.

பந்தி பின்னர் காலை வேளைக்கும் நீண்டது. 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தது மதுரை நெல்பேட்டையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில். முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள். மறு ஆண்டு ஆகஸ்டில் முப்பத்தோராயிரம் பள்ளிகள். திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல் என்று போகும் பட்டியல். "உப்புமாவா?" என்று முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு ஒரு தகவல். ஐந்து வயதை ஒட்டி ஒரு குழந்தையின் உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது. பெரியவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்குதான். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளைக்கு அடுத்த சோறு மதியம் பன்னிரண்டரைக்கு என்றால், காலை முழுக்க அந்த மூளை காலி அடுப்பில் சமைக்கிறது. வாத்தியார் அதற்கு 'கவனமில்லை' என்று பெயர் வைப்பார். நெல்பேட்டை, செல்லூர் மாதிரி இடங்களில் பெற்றோர் இருவரும் விடியற்காலையிலேயே வேலைக்குக் கிளம்பும் வீடுகள் ஏராளம். அங்கே காலைச் சாப்பாட்டைத் தடுப்பது அம்மாவின் அக்கறையின்மை இல்லை. அவர் வேலைக்குப் போகும் நேரம்.

சரி, வயிறு நிறைந்தால் குழந்தை வளர்ந்துவிடுமா? இங்கேதான் அறிவியல் கொஞ்சம் கசப்பாகிறது. மலக்கிருமிகள் தினமும் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தால் சிறுகுடலின் உட்சுவர் மெல்ல மெல்லப் புண்பட்டு, சத்தை உறிஞ்சும் பரப்பு சுருங்குகிறது. வயிற்றுப்போக்கு வந்தால்தான் இது நடக்கும் என்றில்லை. வெளிக்கு எதுவும் தெரியாமலேயே நடக்கும். தின்பதில் ஒரு பங்கு உடம்பில் ஒட்டாது. உடலின் சக்தி கிருமியோடு மல்லுக்கட்டுவதில் செலவாகும். அப்படியானால் கழிப்பறை கட்டிக்கொடுத்து, கை கழுவச் சொல்லிக்கொடுத்தால் போதுமே என்று பங்களாதேசம், கென்யா, ஜிம்பாப்வே நாடுகளில் பெரிய சோதனைகள் நடத்தினார்கள். 2018, 2019 ஆண்டுகளில் முடிவுகள் வந்தன. வீட்டுக்கு ஒரு எளிய கழிப்பறையும் சோப்பும் குழந்தைகளின் உயரத்தைக் கூட்டவில்லை. பலருக்கு இது ஏமாற்றம். எனக்கு அதில் வியப்பில்லை. ஒரு வீடு மட்டும் சுத்தமாகி என்ன பயன்? தெருச் சாக்கடையும் பக்கத்து வீட்டுக் குழியும் பொதுக்குழாயும் அப்படியே கிடந்தால் கிருமி சுவர் தாண்டி வரும். தெரு முழுக்க ஒரே நேரத்தில் மாற வேண்டும், அதைத் தனிமனிதர் செய்ய முடியாது. அதைச் செய்ய வேண்டியவரின் பெயர் நகராட்சி.

மதுரையின் குழாய்களைப் பார்ப்போம். வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை ஊருக்கு நடுவே ஓடுகிறது என்பது ஏட்டில். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கே 1959இல் கட்டி முடித்த வைகை அணையைத் திறந்துவிட்டுத் தண்ணீரை வரவழைக்கிறோம். குடிநீர் பல வார்டுகளில் நாள்விட்டு நாள். சில இடங்களில் அதற்கும் மேல். குழாயில் எப்போதும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் உள்ளே அழுத்தம் இருக்கும். விரிசல் இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். நிறுத்தி நிறுத்தி விடும்போது காலியான குழாய் உறிஞ்சுகுழலாகிவிடுகிறது. பக்கத்தில் சாக்கடை ஓடினால் அதையும் உள்ளே இழுக்கும். வசதியுள்ளவர் குழாயில் நேரடியாக மோட்டாரைப் போட்டு இழுக்கும்போது இது இன்னும் மோசமாகும். அவர் வீட்டில் வடிகட்டும் இயந்திரம் இருக்கிறது. தெருக்கோடியில் குடம் வைத்திருப்பவர் வீட்டில் இல்லை.

நாலு நாளுக்கு ஒருமுறை வரும் தண்ணீரைச் சேர்த்து வைக்காமல் எப்படி? கீழ்த்தொட்டியும் மேல்தொட்டியும் கட்டியவர் மூடி போட்டுவிடுவார். ஒற்றை அறை லைன் வீட்டுக்காரர் வாசலில் நீல ட்ரம் வைப்பார். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. இப்படித் தேங்கிய நல்ல தண்ணீர்தான் வேண்டும். தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே, ட்ரம்மின் உள்சுவரில் முட்டையை ஒட்டவைக்கும். ட்ரம் காய்ந்து போனாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் நிறைந்து முட்டையைத் தொட்டதும் பொரிந்து, பத்து நாளுக்குள் கொசுவாகப் பறக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இந்தக் கொசு சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. ஆகவே டெங்கு பெரும்பாலும் தெருவுக்குள் சுற்றும் நோய். கொசுவால் வரும் நோய்களை ஆராய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1985இல் ஒரு மையத்தைத் திறந்தது நம் சின்ன சொக்கிகுளத்தில்தான். கொசுவைப் பற்றி மதுரைக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

தெரிந்து என்ன? மழைக்காலம் வந்தால் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். புழு இருந்தால் எச்சரிக்கை, அதற்கு மேல் அபராதம். தினக்கூலியில் ஓடும் அந்தப் பணியாளர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தண்ணீரை ஒழுங்காக விடாத நிர்வாகம், தண்ணீரைச் சேர்த்து வைத்தவருக்கு அபராதம் போடுவது எந்த ஊர் நியாயம்? இந்தியாவிலேயே முதல் பொதுச் சுகாதாரச் சட்டத்தை 1939இல் சென்னை மாகாணம் இயற்றியது. குடிநீரும் கழிவுநீரும் உள்ளாட்சியின் கடமை என்று அன்றைக்கே எழுதி வைத்தார்கள். மருத்துவமனை நிர்வாகத்திலிருந்து பிரித்துப் பொதுச் சுகாதாரத்துக்கென்று தனித் துறையைப் பேணிவருவதால்தான் அம்மை ஒழிப்பிலும் பிரசவ மரணத்தைக் குறைத்ததிலும் தமிழ்நாடு முன்னே நிற்கிறது. அதே தமிழ்நாட்டில் குழாய்த் தண்ணீர் இன்னும் தெருவுக்குத் தெரு வேறுபடுகிறது.

சாக்கடையின் கதை இதைவிடக் கொடுமை. மாசி வீதிகளைச் சுற்றிய பழைய நகரத்துக்கு வெள்ளையர் காலத்திலேயே பாதாளச் சாக்கடை வந்தது. அதில் வந்த கழிவைக் கொண்டுபோய் விட்ட இடம் ஊருக்குத் தெற்கே அவனியாபுரம். பிற்பாடு ஊர்க் குப்பையும் அங்கே வெள்ளைக்கல்லுக்குப் போய் மலையாகக் குவிந்தது. 2011இல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக, சுமார் 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 சதுர கிலோமீட்டராக விரிந்தபோதுதான் அவனியாபுரம் மாநகராட்சிக்குள் வந்தது. அதாவது மதுரையின் கழிவு அங்கே முதலில் போனது. மதுரை மாநகராட்சியில் ஓட்டுப்போடும் உரிமை வெகுகாலம் கழித்து வந்தது. பக்கத்து அயன்பாப்பாக்குடிக் கண்மாயில் வெண்ணுரை பொங்கிச் சாலைக்கு வந்த படங்களைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். சோப்புத்தூளின் வேதிப்பொருள்கள் கலந்த கழிவுநீர் மதகில் விழுந்து கலங்கும்போது வரும் நுரை அது. துவைத்தவர் ஒரு தெருவில், நுரை இன்னொரு ஊரில்.

இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி ஓர் ஆள். 2022 ஏப்ரலில் பழங்காநத்தம் நேரு நகரில், கழிவுநீரேற்று நிலையத்து மோட்டாரைச் சரிபார்க்கப் போன மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி இறந்தார்கள். ஒருவர் விழ, தூக்கப் போனவர்களும் விழுந்தார்கள். இப்படித்தான் பெரும்பாலும் நடக்கும். அதற்கு ஒரு வேதியியல் காரணம் உண்டு. மலக்குழியில் ஊறும் ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அடர்த்தி கூடினால் மூக்கின் நரம்பே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. அடுத்த சில மூச்சில் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வேலை நின்றுவிடும். 'நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்' என்று தோன்றும் கணம்தான் சாவு. மனிதர் மலம் அள்ளக் கூடாது என்று 1993இலும், பாதுகாப்பில்லாமல் குழிக்குள் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013இலும் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டைப் பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சமாக உயர்த்தியது. இறங்குகிறவரின் சாதியை மட்டும் எந்தச் சட்டமும் இதுவரை மாற்றவில்லை. ஊரின் ஆரோக்கியம் இப்படிச் சிலருடைய உடம்பிலிருந்து கறக்கப்படுகிறது.

இத்தனைக்கும் நடுவில் மதுரை உலகத்துக்கே பாடம் சொன்ன விஷயம் ஒன்று இருக்கிறது. 1976இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 58 வயதில், முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி பதினொரு படுக்கையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கொடுப்பவரிடம் வாங்கி, கொடுக்க முடியாதவருக்கு இலவசம். 1992இல் ஆரோலேப் வந்த பிறகு, வெளிநாட்டிலிருந்து பெரிய விலை கொடுத்து வாங்கிய கண்ணுள் லென்ஸ் சொற்ப விலைக்கு இங்கேயே செய்யப்பட்டது. இதெல்லாம் பலர் எழுதியது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அரவிந்த் மருத்துவர்கள் தங்களையே கேட்டுக்கொண்ட ஒரு கேள்வி அந்த அளவு பேசப்படவில்லை. இலவசமாகக் கொடுத்தும் ஏன் வரமாட்டேன் என்கிறார்கள்?

கிராமப்புறத் தமிழகத்தில் அரவிந்தும் லண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்தி 1999இல் வெளியான ஆய்வில், கண் கோளாறு இருந்த பெரியவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் சுமார் 7 சதவீதம். நூற்றுக்கு ஏழு! மற்றவர்கள் சொன்ன காரணங்களைப் பாருங்கள். பயம். செலவு. வீட்டில் பார்க்க ஆளில்லை. இந்த வயசுக்கு மேல் பார்வை எதற்கு? இருக்கிற பார்வையில் சமாளித்துக்கொள்கிறேன். சிகிச்சை இலவசம் என்றாலும் போக வர பஸ்ஸுக்குக் காசு வேண்டும். கூட ஒருவர் வந்தால் அவருடைய கூலியும் போச்சு. ஆட்டை யார் கட்டுவது, பேரனை யார் பார்ப்பது? வயதான அம்மாவின் கண்ணுக்காக மகன் இரண்டு நாள் கூலியை விடுவானா என்பது அந்தக் குடும்பத்தில் அவருக்கு என்ன மதிப்பு என்ற கேள்வியும்தான். கண்புரை வருவதற்கே விறகுப் புகை, நீரிழிவு, சாப்பாட்டில் காய்கனி இல்லாமை என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. இந்தியாவின் வடக்கிலும் தெற்கிலும் முதியவர்களிடம் செய்த பெரிய ஆய்வு ஒன்று, ரத்தத்தில் வைட்டமின் சி குறைந்தவர்களிடம் கண்புரை கூடுதலாக இருப்பதைக் கண்டது. ஆக, ஏழைக்குப் புரை வர வாய்ப்பு அதிகம், வந்தால் எடுக்க வாய்ப்பு குறைவு. வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமத்து மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் இதைத்தான் சொன்னார்: வைத்தியம் யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குக் குறைவாகவே கிடைக்கும்.

அரவிந்த் இதற்குக் கட்டணத்தை மேலும் குறைத்துப் பார்க்கவில்லை. குறைக்க ஒன்றும் இல்லை. தூரத்தைக் குறைத்தது. நோயாளிகளை முகாமிலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போய், சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறந்தார்கள். அதே பகுதிப் பெண்கள் பயிற்சி பெற்று அங்கே பரிசோதிக்க, மருத்துவர் மதுரையிலிருந்து திரையில் பார்க்கிறார். வீட்டுக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் வந்தது. அதே ஆண்டு மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் ரத்தானது. அதைப் போக்குவரத்துத் துறையின் நஷ்டக் கணக்கில் எழுதுகிறார்கள். மேற்சொன்ன ஆய்வைப் படித்த யாரும் அதில் ஒரு பகுதியைச் சுகாதாரத் துறையின் கணக்கில்தான் எழுதுவார்கள். அரசுப் பெரியாஸ்பத்திரிக்கு மாதாமாதம் மாத்திரை வாங்க வருகிற சர்க்கரை நோய்ப் பெண்மணியைக் கேட்டுப் பாருங்கள், அவரும் அதையே சொல்வார்.

எய்ம்ஸ் பற்றிச் சொல்லாமல் மதுரையில் ஆரோக்கியத்தைப் பற்றி எழுதிவிட முடியாது. தோப்பூரில் 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அந்த எய்ம்ஸில் 2022இல் சேர்ந்த மாணவர்கள் படிக்கப் போனது ராமநாதபுரத்துக்கு. நடுவில், எய்ம்ஸ் கட்டடம் எங்கே என்று கேட்க ஒரு செங்கல் தேர்தல் மேடைகளில் தமிழ்நாடு முழுக்கச் சுற்றி வந்தது. எய்ம்ஸ் வேண்டும், தாமதித்தவர்களைக் கேள்வி கேட்கவும் வேண்டும். ஆனால் அந்தச் செங்கல் பெற்ற கவனத்தில் நூறில் ஒரு பங்கைக்கூட அவனியாபுரத்துக் குழாயும் நேரு நகர்க் கழிவுநீர்க் கிணறும் பெறவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டடம் திறப்புவிழாவுக்கு உகந்தது. மண்ணுக்கடியில் போடும் குழாய்க்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை.

நகரங்களில் பகுதி சபைக் கூட்டம் நடத்தும் வழக்கம் 2022 நவம்பர் 1 முதல் வந்திருக்கிறது. கிராமத்தில் கிராமசபை முன்பே இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். எய்ம்ஸ் எப்போது வரும் என்று கேட்க அங்கே வேறு ஆள் இருப்பார். நீங்கள், உங்கள் வார்டில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, பக்கத்து வார்டில் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேளுங்கள். உங்கள் வீட்டுச் சாக்கடை எந்த ஊர்க் கண்மாயில் போய் முடிகிறது, அதை இறைக்கும் நிலையத்தில் இறங்குவது இயந்திரமா மனிதரா என்றும் கேளுங்கள். பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லி, எழுதிய பிறகு எழுந்து வாருங்கள்.